மலைக்கு ஒரு வானம்சொல்லி

(நெல்லிவாசல்நாட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் பெரும்பாலும் பல்கலைக்கழகக் கருத்தரங்கக் கூடத்தில், பாதி நாற்காலிகள் காலியாக இருக்க, நடந்து முடியும். இந்த ஆண்டு அதை மலைமேல் வைத்துக்கொள்வோம் என்று முடிவெடுத்தவர்களுக்கு என் முதல் நன்றி. 'விண்வெளி அறிவியலும் மலைவாழ் மக்களும்' என்று அழைப்பிதழில் தலைப்பு போட்டிருக்கிறார்கள். பத்துப் பேர் பத்து நாள் பேசினாலும் தீராத தலைப்பு. நான் அதில் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இந்த மலையில் வானத்தைப் பற்றி யார் யாருக்குச் சொல்வது?

இந்தக் கேள்வியை வேறு எந்த மலையைவிடவும் ஜவ்வாது மலையில் கேட்பதுதான் பொருத்தம். இதே மலைத்தொடரில் காவலூர் இருக்கிறது. இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே இரவுதோறும் கண் விழித்திருக்கிறது. உலகின் ஆய்விதழ்களில் காவலூர் என்ற பெயர் அடிபடத் தொடங்கியபோது, நம் மாநிலத்திலேயே பலருக்கு இப்படி ஓர் ஊர் இருப்பது தெரியாது.

வானியலாளர் வைணு பாப்பு 1960-இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றபோது அவருக்கு வயது 32. பகலில் சூரியனை ஆராயக் கொடைக்கானல் நல்ல இடம். இரவில் விண்மீன்களைப் பார்க்க அவ்வளவு தோதுப்படாது. மேகமும் மூடுபனியும் பாதி நாட்களைத் தின்றுவிடும். எனவே அவர் தென்னாட்டில் வேறு இடம் தேடினார். நகர வெளிச்சம் எட்டாத, காடு சூழ்ந்த, நிலநடுக்கோட்டுக்கு முடிந்தவரை நெருக்கமான இடமாக வேண்டும். ஜவ்வாது மலையில், கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்குச் சற்று மேலே, காவலூர் அகப்பட்டது. 1968-இல் கொடைக்கானல் பட்டறையிலேயே செய்த 38 செ.மீ. தொலைநோக்கியோடு அங்கே வேலை தொடங்கியது. 1972-இல் ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனம் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது.

அந்த ஒரு மீட்டர்க் கருவியின் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அது வந்த ஆண்டே, ஜூன் 7 அன்று, வியாழனின் துணைக்கோளான கனிமீட் ஒரு விண்மீனை மறைத்துக்கொண்டு கடந்தது. விண்மீனின் ஒளி சட்டென்று அணையாமல் கொஞ்சம் இழுத்து அணைந்தால், மறைத்த பொருளைச் சுற்றி வளிமண்டலம் இருக்க வேண்டும் என்று பொருள். காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் எடுத்த பதிவுகளில் அப்படி ஒரு தடயம் தெரிந்தது. பிறகு வாயேஜர் விண்கலம் அங்கே போய் அளந்தபோது, அந்தக் கணிப்பைவிட மிக மிக மெல்லியதாகத்தான் அங்கே வாயு இருக்க முடியும் என்று தெரியவந்தது. அறிவியலில் இது வழக்கமாக நடப்பதுதான்.

1977 மார்ச் 10 இன்னும் சுவையானது. அன்று யுரேனஸ் ஒரு விண்மீனுக்கு முன்னால் கடக்கவிருந்தது. ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் காவலூரில் காத்திருந்தார்கள். கோள் மறைக்கும் நேரம் வருவதற்கு முன்பே விண்மீனின் ஒளி சில நொடிகள் சரிந்து மீண்டது. யுரேனஸுக்கு ஒரு புதிய துணைக்கோள் இருக்கிறது போலும் என்று அவர்கள் எழுதினார்கள். அதே நேரம் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்த அமெரிக்க வானூர்தி ஒன்றில் இருந்தவர்கள் கோளின் இருபுறமும் இப்படிப் பல சரிவுகளைப் பார்த்தார்கள். இருபுறமும் ஒரே தொலைவில் சரிவு என்றால் அது வளையம். காவலூர்ப் பதிவும் அந்த முடிவோடு ஒத்துப்போனது. சனிக்கு மட்டுமே வளையம் உண்டு என்ற எண்ணம் அன்றோடு போனது. வளையத்தின் நிழல் நம் மலைமேலும் விழுந்தது என்று சொன்னால் அதில் மிகை எதுவும் இல்லை. விண்மீன் ஒளி மறைந்தால் விழுவது நிழல்தானே.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 2.34 மீட்டர் ஆடி கொண்ட பெரிய தொலைநோக்கி, நம் நாட்டிலேயே வடிவமைத்துச் செய்தது, பாப்பு மறைந்த பிறகுதான் முடிந்தது. 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி வந்து அதற்குப் பாப்புவின் பெயரைச் சூட்டினார். அதன்பின் முப்பது ஆண்டுகள் இந்தியாவின் மிகப் பெரிய ஒளியியல் தொலைநோக்கி அதுதான். 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் குழுவினர் காவலூரில் ஒரு சிறுகோளைக் கண்டார்கள். அதன் எண் 4130, பெயர் ராமானுஜன். இந்திய மண்ணிலிருந்து ஒரு சிறுகோளைக் கண்டு நூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது.

இவ்வளவும் நடந்த மலையில் வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடியினர். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவிப்பவர்கள். புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று நாடுநாடாகப் பிரிந்து தங்களுக்கென்று ஒழுங்கு வைத்துக்கொண்டிருப்பவர்கள். வானாய்வகம் பொதுமக்களை உள்ளே விட்டுத் தொலைநோக்கிகளைக் காட்டுகிறது. அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அங்கே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களில் பெரும்பாலோர் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் காரில் வருகிறவர்கள் என்பதைச் சனிக்கிழமை மாலையில் அந்தச் சாலையோரம் நின்றால் கண்ணால் பார்க்கலாம். மலைக்காரப் பிள்ளைக்குப் பேருந்து நேரம் ஒத்துவராது. இரவு எட்டு மணிக்கு வானம் பார்த்துவிட்டு வீடு திரும்ப வண்டி ஏது?

போகட்டும். காவலூருக்குப் போகாமலே இந்தப் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

மாணவர்களே, கையை முழங்கை மடங்காமல் முன்னால் நீட்டுங்கள். விரல்களை மூடி முட்டியாக்குங்கள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தால், அந்த முட்டி வானத்தில் ஏறத்தாழ 10 பாகை அகலத்தை மறைக்கும். இன்றிரவு வடக்கே பார்த்து, தொடுவானத்தின்மேல் முட்டியின் அடிப்பகுதியை வையுங்கள். அதற்கு மேலே ஒன்றரை விரல் உயரத்தில் மங்கலாக ஒரு விண்மீன் நிற்கும். அதுதான் துருவ மீன். நடுவில் ஒரு குன்று மறைத்தால் மேட்டுக்குப் போங்கள். நீங்கள் இப்போது செய்தது வெறும் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். நெல்லிவாசல்நாடு நிலநடுக்கோட்டிலிருந்து எத்தனை பாகை வடக்கே இருக்கிறது என்பதை அளந்துவிட்டீர்கள். துருவ மீனின் உயரம்தான் அந்த அளவு, ஏறத்தாழ 12½ பாகை. கன்னியாகுமரியில் இதே துருவ மீன் ஒரு முட்டிக்கும் கீழே கிடக்கும். லடாக்கில் மூன்று முட்டிக்கு மேலே ஏறிவிடும்.

துருவ மீன் இப்படித் தாழ்ந்து கிடப்பதால் நமக்குப் பெரிய ஆதாயம் ஒன்று உண்டு. வடக்கே எவ்வளவு தாழ்கிறதோ, தெற்கே அவ்வளவு வானம் கூடுதலாகத் திறக்கும். மே மாத இரவில் தெற்கே பாருங்கள். தென்சிலுவை நிற்கும். அதன் கிழக்கே ஆல்பா செண்டாரி. சூரியனை விட்டால் நமக்கு மிக அண்மையில் உள்ள விண்மீன் குடும்பம், 4.3 ஒளியாண்டு தொலைவில். தில்லிப் பிள்ளைக்கு அது தொடுவானத்தின் புழுதிக்குள் தலைகாட்டி மறைந்துவிடும். லண்டன் பிள்ளைக்கு அது எழுவதே இல்லை. நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கலாம். பாப்பு இந்த மலையைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். வட வானமும் தென் வானமும் ஒரே கூரைக்குக் கீழே கிடைக்கும் இடம் உலகத்தில் நிறைய இல்லை.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். இதையெல்லாம் யார் சொல்வது, எந்த மொழியில் சொல்வது?

நம் ஊரில் இதற்கு முன்னோடி ஒருவர் இருக்கிறார். சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் வானாய்வகம் கட்டியபோது நட்ட கருங்கல் தூணில், தமிழிலும் தெலுங்கிலும்கூடக் கல்வெட்டு உண்டு. கல்லில் தமிழ் வந்துவிட்டது. அந்த ஆய்வகத்தின் வானியல் மக்களின் மொழிகளுக்கு வர இன்னும் எண்பது ஆண்டுகள் பிடித்தன. அந்த ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-இல் தென் வானத்தில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். பிரிட்டனின் அரச வானியல் கழகத்தின் உறுப்பினர் ஆனார். அதோடு அவர் நின்றிருந்தால் இன்று நான் அவரைப் பற்றிப் பேசமாட்டேன். 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளிக் கோள் சூரிய வட்டத்தைக் கடக்கவிருந்தது. ஐரோப்பாவிலிருந்து கப்பல் கப்பலாக ஆய்வாளர்கள் கிளம்பினார்கள். அவரோ அந்த நிகழ்வைப் பற்றிச் சிறுநூல் எழுதி, ஆங்கிலத்தோடு பல இந்திய மொழிகளிலும் வரச் செய்தார். பழைய கணித முறையில் தேர்ந்த ஒரு சித்தாந்தியோடு உரையாடுவது போல அதை அமைத்தார். அந்த அமைப்புதான் எனக்கு முக்கியம். எதிரில் இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது என்ற நினைப்பில் எழுதவில்லை. அவனுக்குப் பஞ்சாங்கம் தெரியும், கிரகணம் கணிக்கத் தெரியும், கேள்வி கேட்கவும் தெரியும் என்று ஏற்றுக்கொண்டு எழுதினார்.

அதன்பின் நமக்குப் பெ. நா. அப்புசாமி வந்தார், எளிய தமிழில் அறிவியல் எழுத முடியும் என்று காட்டினார். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழ் 1987 முதல் பிள்ளைகளைத் தேடி வருகிறது. சென்னை கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம் இருக்கிறது. தமிழ்வழியில் படித்து, பிறகு சந்திரயான்-1 திட்டத்தை வழிநடத்திய மயில்சாமி அண்ணாதுரை போன்றவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறார்கள். ஆக, தமிழில் அறிவியல் சொல்ல ஆள் இல்லை என்ற புலம்பலை நான் ஏற்பதில்லை. என் மனக்குறை வேறு. சொல்கிறவர்கள் எப்போதும் கீழேயிருந்து மேலே வருகிறார்கள். மாலையில் வருகிறார்கள், மறுநாள் போகிறார்கள். என்னையும் சேர்த்துத்தான்.

இதே சிக்கல் உலகின் மறுகோடியில் ஸ்பானிய மொழி பேசும் மக்களிடையே எப்படித் தீர்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். அமெரிக்காவில் கோடிக்கணக்கானோர் வீட்டில் ஸ்பானிய மொழி பேசுகிறார்கள். நாசா நெடுங்காலம் அவர்களுக்குச் செய்தியை மொழிபெயர்த்துக் கொடுத்தது. கொடுத்ததில் தவறில்லை, ஆனால் பெரிதாக ஒட்டவில்லை. 2021 பிப்ரவரி 18 அன்று பெர்செவெரன்ஸ் ஊர்தி செவ்வாயில் இறங்கியது. ஒரு கோளில் இறங்கும் நிகழ்வை நாசா முதன்முதலாக ஸ்பானிய மொழியில் நேரடியாக ஒளிபரப்பியது அன்றுதான். நடத்தியவர் டயானா ட்ருஹியோ. கொலம்பியாவில் பிறந்தவர், 17 வயதில் 300 டாலரோடு அமெரிக்கா வந்தவர், படிப்புச் செலவுக்கு வீடுகளைப் பெருக்கித் துடைத்தவர். அந்த ஊர்தித் திட்டத்தில் பொறியாளராக வேலை செய்தவரும் அவரே. தாய்மொழியில் அவர் பேசியபோது, தான் கைபோட்ட வேலையைப் பற்றித்தான் பேசினார். அடுத்தவர் எழுதிக்கொடுத்ததைப் படிப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்கிற பிள்ளை உடனே கண்டுபிடித்துவிடும்.

ஹோசே ஹெர்னாண்டஸ் கதை இந்தக் கூட்டத்துக்கு இன்னும் பொருந்தும். மெக்சிகோவிலிருந்து கலிபோர்னியாவுக்கு வந்து, பருவத்துக்குப் பருவம் வயல் மாறும் கூலிக் குடும்பம். ஊர் ஊராகப் பள்ளி மாறினார். 12 வயதில்தான் ஆங்கிலம் ஓரளவு வந்தது. கோஸ்டாரிகாவில் பிறந்த ஃபிராங்க்ளின் சாங் டியாஸ் விண்வெளி வீரராகத் தேர்வானார் என்ற செய்தியை வயலில் வேலை செய்துகொண்டே வானொலியில் கேட்டிருக்கிறார். விண்வெளி வீரர் தேர்வுக்கு விண்ணப்பித்தார். 11 முறை நிராகரித்தார்கள். 2009-இல் விண்ணுக்குப் போனார். விண்வெளியிலிருந்து ஸ்பானிய மொழியில் முதல் ட்விட்டர் செய்தியை அனுப்பியவர் அவர்தான். பழம் பறிக்கவும் செங்கல் சூளைக்கும் பருவம் பார்த்து ஊர் மாறும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையின் முதல் பாதியை நான் விளக்க வேண்டியதில்லை.

தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் இன்னொரு செய்தி கிடைக்கிறது. அட்டகாமா பாலைவனத்தில் பரானல் மலைமேல் ஐரோப்பியர்கள் நான்கு பெரிய தொலைநோக்கிகளை வைத்தார்கள். ஒவ்வொன்றின் ஆடியும் 8.2 மீட்டர். அவற்றுக்குப் பெயர் வைக்கச் சிலிநாட்டுப் பள்ளி மாணவர்களிடையே கட்டுரைப் போட்டி நடத்தினார்கள். சுரங்க ஊர் ஒன்றைச் சேர்ந்த 17 வயது மாணவி எழுதிய கட்டுரை வென்றது. நாட்டின் பழங்குடி மக்களான மபூச்சேக்களின் மொழியில் பெயர் வையுங்கள் என்றாள். 1999 முதல் அந்தத் தொலைநோக்கிகள் அந்து, குவெயென், மெலிபால், யெபுன். சூரியன், நிலா, தென்சிலுவை, வெள்ளி. உலகின் எந்தெந்த மூலையிலோ வானியல் கட்டுரை எழுதுகிறவர்கள் அந்தக் கருவியைக் குறிக்க மபூச்சே சொல்லை எழுதுகிறார்கள். நம் மலையில் வேறொரு சிறு தொலைநோக்கி வரும் நாளில் நெல்லிவாசல் பள்ளியையும் புதூர்நாட்டுப் பள்ளியையும் யாராவது கேட்டுப் பார்க்கலாம். செலவில்லாத வேலை.

சரி, இங்கே என்ன செய்யலாம் என்று இரண்டொன்றைச் சொல்கிறேன். இவை மாதிரிக்குத்தான்; பாடத்திட்டம் போட நான் வரவில்லை.

2019 டிசம்பர் 26 காலையில் நடந்த சூரிய கிரகணம் பலருக்கு நினைவிருக்கும். கோயம்புத்தூர், ஈரோடு, திண்டுக்கல், திருச்சி வழியாக வளையமாகத் தெரிந்தது. நமக்கு இங்கே பெரும்பகுதி மறைந்த பிறையாக. கிரகணக் கண்ணாடி இல்லையே என்று வீட்டுக்குள்ளேயே இருந்தவர்கள் ஏராளம். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் கருவி இருந்தது. சாமை சலிக்கும் சல்லடை. அதைச் சூரியனுக்கு நேரே பிடித்து, கீழே தரையைப் பாருங்கள். மேலே பார்க்கவே கூடாது. சல்லடையின் ஒவ்வொரு துளையும் ஒரு சூரியனைத் தரையில் வரையும். சாதாரண நாளில் அவை வட்டமாக இருக்கும். கிரகணத்தன்று அத்தனையும் பிறையாகும். துளை முக்கோணமாக இருந்தாலும் விழும் படம் பிறைதான். அதை ஒரு பிள்ளை கவனித்துவிட்டால், தரையில் விழுவது துளையின் படமா சூரியனின் படமா என்ற கேள்வி தானாக வரும். வாத்தியாருக்கு அதற்குப் பிறகு வேலை குறைவு.

இன்னொன்று நிழலில்லா நாள். ஆண்டுக்கு இரண்டு நாள், இங்கே ஏப்ரல் 23 வாக்கிலும் ஆகஸ்ட் 19 வாக்கிலும், நண்பகலில் சூரியன் சரியாக உச்சிக்கு வரும். ஒரு மீட்டர் நீளக் குழாயை நட்டு, கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டுச் செங்குத்தா என்று சரிபார்த்து, நிழலின் நுனியைச் சுண்ணாம்பால் குறித்துக்கொண்டே வாருங்கள். நிழல் குறுகிக் குறுகிக் குழாயின் காலுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். கடிகாரத்தில் மணி 12 அடிக்கும்போது இது நடக்காது. இன்னும் கால் மணி நேரம் ஆகும். இந்தியாவின் கடிகாரம் 82½ பாகைத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. நாம் அதற்கு ஏறத்தாழ 4 பாகை மேற்கே இருக்கிறோம். பாகைக்கு 4 நிமிடம். ஆக, நம் மலையின் நடுப்பகல் வேறு, அரசாங்கத்தின் நடுப்பகல் வேறு.

அதே நாளில் கன்னியாகுமரியில் ஒரு பள்ளி இதைச் செய்யட்டும். அங்கே அதே ஒரு மீட்டர்க் குழாய்க்கு ஏறத்தாழ 8 செ.மீ. நிழல் தெற்கு நோக்கி விழும். கோணமாக மாற்றினால் 4.4 பாகை. இரண்டு ஊருக்கும் இடையே வடக்கு தெற்காக ஏறத்தாழ 490 கி.மீ. 4.4 பாகைக்கு 490 என்றால் 360 பாகைக்கு எவ்வளவு? கணக்குப் போட்டுப் பாருங்கள், 40,000 கிலோமீட்டருக்கு ஒட்டி வரும். உலகத்தின் சுற்றளவு. ஒரு குழாய், ஒரு நூல், ஒரு தொலைபேசி அழைப்பு. எகிப்தில் எரடோஸ்தனிஸ் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் செய்த வேலை. அவருக்குத் தொலைபேசி இல்லை, அவ்வளவுதான்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காவலூர் வானம் முன்பு போல் இருட்டாக இல்லை என்பது உண்மை. அதைச் சொல்லும்போதெல்லாம் மலைக் கிராமத்துத் தெருவிளக்கின் மேல் பார்வை திரும்புவது எனக்குப் பிடிப்பதில்லை. பாம்புக்கும் கரடிக்கும் பயந்து இருட்டில் நடந்தவர்களுக்கு இப்போதுதான் விளக்கு வந்திருக்கிறது. அதை அணை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. வானத்தை வெளுக்கச் செய்வது பெரும்பாலும் கீழே சமவெளியில் விடிய விடிய எரியும் வெளிச்சம்தான். வாணியம்பாடியும் ஆம்பூரும் திருப்பத்தூரும் முதலில் திருந்தட்டும். விளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டால் ஒளி வானத்துக்குப் போகாது; கீழே தரைக்கு வரும், தெருவும் நன்றாகத் தெரியும். காசும் மிச்சம். இதைப் பஞ்சாயத்தில் ஒரு தீர்மானமாகப் போடலாம். ஆனால் முதல் தீர்மானம் மலையடிவாரத்து நகராட்சியில் வரவேண்டும்.

இந்திய வானியற்பியல் நிறுவனமே லடாக்கின் ஹன்லேயில் இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. 4,500 மீட்டர் உயரத்தில் அங்கே அவர்களுக்குத் தொலைநோக்கி உண்டு. 2022 டிசம்பரில் ஹன்லே சுற்றுவட்டாரம் இருண்ட வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வெளிச்சக் கட்டுப்பாட்டோடு அவர்கள் நிறுத்தவில்லை. சுற்றுவட்டார ஊர்களைச் சேர்ந்த 24 பேரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, கையில் தொலைநோக்கியையும் கொடுத்தார்கள். இன்று வானம் பார்க்க அங்கே போகிற பயணிக்குச் சனியின் வளையத்தைக் காட்டுகிறவர் அந்த ஊர்ப் பெண். அவருக்கு அதில் வருமானம். இருட்டைக் காப்பாற்றுவது அவருக்கு இப்போது தன் பிழைப்பைக் காப்பாற்றுவது. நான் 'வானம்சொல்லி' என்று தலைப்பில் போட்டது இவரைப் போன்ற ஒருவரைத்தான்.

ஹன்லேயில் முடிந்தது, அதே நிறுவனம் அதற்கு முன்பே குடியேறிய ஜவ்வாது மலையில் முடியாதா? சாலை இருக்கிறது. மொழிச் சிக்கல் இல்லை. மலையாளி மக்கள் பேசுவது தமிழ். பழங்குடியினர் நலத்துறைப் பள்ளிகளும் வனத்துறைப் பள்ளிகளும் இருக்கின்றன. பக்கத்து மலையான ஏலகிரிக்கு வருகிற சுற்றுலாக் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு இங்கே திரும்பினால்கூட வானம்சொல்லிகளுக்கு வேலை போதும். அதற்கு மேல் வந்தால் மலை தாங்காது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

முன்பு இந்த மலையிலுள்ள ஒரு பள்ளி வளாகத்தில் எட்டு அங்குலத் தொலைநோக்கியை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தோம். மரப்பெட்டி மேல் உட்காரும் எளிய குழாய். கையால்தான் தள்ள வேண்டும். பூமி சுற்றுவதால் வியாழன் கண்வில்லையைவிட்டு நகர்ந்துகொண்டே இருக்கும். ஓர் ஆசிரியர் "யாரும் தொடாதீங்க, பார்த்துட்டு நகருங்க" என்று வரிசையை விரட்டிக்கொண்டிருந்தார். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் முறை வந்தபோது வியாழன் நகர்ந்துவிட்டது. "ஐயா, ஒண்ணுமில்லையே" என்றாள். "நீயே தள்ளிப் பிடிம்மா" என்றேன். முதலில் எதிர்ப்பக்கம் தள்ளினாள். தொலைநோக்கிக்குள் எல்லாம் தலைகீழ். இரண்டு மூன்று தடவை தேடிப் பிடித்துவிட்டாள். பிறகு அவள் கண்ணை எடுக்கவில்லை. வியாழன் நகர நகரக் குழாயைச் சிறுகச் சிறுகத் தள்ளிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் வரிசையாக நிற்கும் நான்கு புள்ளிகள் என்ன என்று கேட்டாள். அதில் ஒன்று கனிமீட். உங்கள் காவலூரில் அதன் காற்றைத் தேடினார்கள் என்றேன். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் அவள்தான் வியாழனைப் பிடித்துக் கொடுத்தாள். கிளம்பும்போது கேட்டாள்: "நீங்க போனப்புறம் இது எங்க இருக்கும்?"

வண்டியில் ஏற்றிக் கீழே கொண்டுபோய்விட்டோம்.

ஆகவே இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரிடம் ஒரு விண்ணப்பம். எட்டு அங்குலத் தொலைநோக்கியின் ஆடி, இருட்டில் நன்கு விரிந்த கண்மணியைவிட எண்ணூறு மடங்குக்கும் மேல் ஒளியைச் சேர்க்கும். இந்த மலைக்கு அப்படி ஒன்று வாங்கிக் கொடுங்கள். கொடுக்கும்போது நிபந்தனை ஒன்றைப் பத்திரத்தில் எழுதுங்கள். பல பள்ளிகளில் நான் பார்த்திருக்கிறேன். தொலைநோக்கி தலைமையாசிரியர் அறைப் பீரோவுக்குள் பிளாஸ்டிக் உறை பிரியாமல் இருக்கும், ஆய்வு அலுவலர் வரும் நாளில் மட்டும் வெளியே வரும். உடைந்துவிடுமோ என்ற அச்சம். தணிக்கையில் கேள்வி வரும் என்ற அச்சம். ஆசிரியர்களைக் குறை சொல்ல இதில் இடமில்லை. பொருள் கெட்டால் அவர்கள் சம்பளத்தில் கைவைக்கும் முறைதான் தவறு. எனவே சாவி ஒன்று பள்ளியில் இருக்கட்டும், இன்னொன்று ஊரில் பயிற்சி பெற்ற இரண்டு பெண்களிடம் இருக்கட்டும். உடைந்தால் அறக்கட்டளை பழுது பார்க்கும் என்று எழுதிவிடுங்கள். மழைக்காலத்தில் ஆடியில் பூஞ்சை பிடிக்காமல் காப்பது எப்படி, ஒளி அச்சைச் சரிசெய்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்க ஓர் இளைஞரைக் காவலூரிலிருந்து வருடத்தில் சில நாட்கள் அனுப்புமாறு அந்த நிறுவனத்தைக் கேட்டுப் பார்க்கலாம். தூரம் ஒன்றும் பெரிதில்லை.

2031 மே 21 நண்பகல் வாக்கில் மறுபடியும் ஒரு வளையக் கிரகணம் கேரளத்திலும் மதுரைப் பக்கமும் யாழ்ப்பாணத்திலும் தெரியும். இங்கே பெரிய பிறையாகத் தெரியும். கோடை விடுமுறை, பிள்ளைகள் எல்லோரும் ஊரில் இருப்பார்கள். சூரியன் ஏறத்தாழ தலைக்கு மேலேயே இருப்பதால் சல்லடைப் படம் நேராகக் காலடியில் விழும். அந்த ஆண்டு சொற்பொழிவுக்கு என்னைப் போல் ஒருவரைக் கீழேயிருந்து அழைக்க வேண்டாம். இந்த மைக்கை இங்கே முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் மாணவ மாணவியரில் ஒருவரிடம் கொடுங்கள். வழிச்செலவும் உங்களுக்கு மிச்சம்.